இருபத்திரண்டு கருவிகளும் ஒரே ஒரு பிரதியும்

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதன்மேல் அட்டைகள் வரிசையில் இருக்கின்றன. இதில் உட்காருங்கள். கடிதத்தைக் கொடுங்கள்.

தலைவர் மச்சாதுவின் கையெழுத்துதான். "மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு" என்று தொடங்குகிறார். நான் ஆசிரியை அல்லேன், நூலகர். முப்பத்தொரு ஆண்டுகள் இதே தூத்துக்குடியில் ஒரு கல்லூரி நூலகத்தில் பகுப்பாக்கமும் பட்டியலாக்கமும் செய்தவள். ஏழு ஆண்டுகளாக நம் ஹாம் வானொலிக் கழகத்தில் இதைச் சொல்லிவருகிறேன். மச்சாது இழுவைப் படகு ஓட்டியே ஓய்வு பெற்ற மனிதர், காற்றின் இரைச்சலில் பாதி காது போயிருக்கும். நான் குறை சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

"மழைக்கு இன்னும் மூன்று வாரமே இருக்கிறது. முள்ளக்காடு ஜெபக்கனி சிஸ்டரின் வயர்லெஸ் செட்டு மறுபடியும் ஊமையாகிவிட்டது. அதைச் சரிசெய்யும் கோப்பு தங்களிடம் மட்டுமே உள்ளது. எல்லாக் கோப்புகளையும் இக்கடிதம் கொண்டுவரும் பௌசியா அவர்களிடம் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

பௌசியா என்பது நீங்கள்தானே? காயல்பட்டினத்திலிருந்தா வருகிறீர்கள்? நல்லது. பேருந்து மூன்றே முக்காலுக்குத்தான், நேரம் இருக்கிறது. காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். கொடுப்பதா இல்லையா என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை. நீங்கள் கழகத்தில் சேர்ந்து இரண்டு மாதம். தேர்வு எழுதித் தேறி உரிமம் வாங்கியிருக்கிறீர்கள், அதற்கு என் பாராட்டு. ஆனால் நடந்ததில் ஒரு தரப்பைத்தான் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். மறு தரப்பையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

நம் கைக்கருவி தானாக எதையும் அறியாது. எந்த அலைவரிசையில் பேசுவது, எதில் கேட்பது, குமிழைத் திருப்பினால் எத்தனையாவது சொடுக்கில் எது வருவது என்பதையெல்லாம் கணினியில் ஒரு பட்டியலாக எழுதி, கம்பி வழியாக அதனுள் ஏற்றவேண்டும். அந்தப் பட்டியல்தான் கோப்பு. ஒவ்வொரு வகைக் கருவிக்கும் ஒவ்வொரு கோப்பு. கழகத்தில் கருவிகள் இருபத்திரண்டு, வகைகள் ஒன்பது. ஆக, இருக்கவேண்டிய கோப்புகள் எத்தனை? ஒன்பது. கணக்கு சரிதானே?

கழகக் கணினியில் நூற்றுப்பதினேழு இருந்தன.

அதை வைத்திருந்தவர் ஆவுடையப்பன். மின்வாரியத்தில் போர்மேனாக இருந்தவர். கம்பத்தில் ஏறுவதில் அவருக்கு நிகர் இல்லை என்பார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கோப்புக்குப் பெயர் வைக்கத் தெரியவேண்டாமா? அவர் வைத்த பெயர்களைச் சொல்கிறேன், கேளுங்கள். 'புதுசு'. 'புதுசு இரண்டு'. 'கடைசி'. 'கடைசிக்குக் கடைசி'. 'இதுதான்'. 'இதுதான் சரி'. 'மச்சாது கேட்டது'. 'மச்சாது வேண்டாம்னது'. ஒரு கோப்பின் பெயர் 'அழிக்காதே'. ஒரு கோப்பு தன்னைப் பற்றித் தானே இப்படி விண்ணப்பம் செய்துகொள்வதை நான் எந்த நூலகத்திலும் கண்டதில்லை.

சென்ற பங்குனியில் செயற்குழு கூடித் தீர்மானம் போட்டது. தீர்மானத்தின் நகல் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன். "கழகக் கோப்புகளைப் பாதுகாத்து ஒழுங்குபடுத்தும் பொறுப்பு திருமதி குழல்வாய்மொழி அவர்களிடம் அளிக்கப்படுகிறது." இரண்டு வினைகள். பாதுகாத்தல், ஒழுங்குபடுத்தல். நான் இரண்டாவதை முதலில் செய்தேன். குப்பையை யாராவது பாதுகாப்பார்களா?

ஆவுடையப்பன் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.

"யம்மா, அது பேக்கப்பு. ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணு இருக்கட்டும்னுதான் வச்சிருக்கேன்."

"ஒரே நூலுக்குப் பதின்மூன்று பிரதி எதற்கு?"

"இது புஸ்தகம் இல்லம்மா."

"அதனால்தான் இந்த நிலையில் இருக்கிறது" என்றேன்.

நூலகத்தில் களையெடுத்தல் என்று ஒரு வேலை உண்டு. ஒரே நூலின் உபரிப் பிரதிகளை அடுக்கிலிருந்து அகற்றுவது. எல்லோராலும் செய்யமுடியாது, மனவுறுதி வேண்டும். நான் ஒன்பது நாள் உட்கார்ந்து நூற்றுப்பதினேழையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு வகைக்கும் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு, மீதி நூற்றெட்டையும் நீக்கினேன். 'அழிக்காதே'யையும்தான். ஒன்பதுக்கும் வகுப்பெண், தேதி, கருவியின் பெயர். பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்.

அந்த ஒப்பீட்டில்தான் ஜெபக்கனியின் பிழையைக் கண்டேன். இதை உங்களிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஜெபக்கனி ஓய்வுபெற்ற செவிலியர். உப்பளத்தை ஒட்டி வீடு, மழை வந்தால் முதலில் தண்ணீர் ஏறுகிற இடம். கழகத்தில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் அவர் குரலை எவரும் கேட்டதில்லை. நாம் பேசுவது அவருக்குக் கேட்கும், அவர் பேசுவது எவருக்கும் கேட்காது. உங்களுக்கே தெரியும், நம் குரலை வாங்கி ஊர் முழுக்கத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர், கோபுரத்தின் மேலிருப்பது, சும்மா கதவைத் திறக்காது. நம் பேச்சுக்கு அடியில் ஒரு மெல்லிய சுருதியும் சேர்ந்து போனால்தான் திறக்கும். கழகத்தில் அவரிடம் மட்டுமே இருக்கும் அந்த வகைக் கருவிக்கான கோப்பில் அந்தச் சுருதியின் எண் தவறு. 'இதுதான் சரி' என்று பெயர் வைத்த கோப்பில்தான் அந்தத் தவறு இருந்தது. பதின்மூன்று பிரதியிலும் அதே தவறு, பதின்மூன்று முறை. ஆவுடையப்பனோ இரண்டு ஆண்டுகளாக ஜெபக்கனியின் வீட்டு ஆண்டெனாவைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று முறை கூரையில் ஏறினார். ஓடுகள் உடைந்தன. நான் குறை சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

எண்ணைத் திருத்தினேன். அத்தோடு நின்றிருக்கலாமே என்று மச்சாது பின்னால் சொன்னார். ஏன் நிற்கவேண்டும்? கோப்புகள் ஒழுங்காகிவிட்டன, கோப்புக்குள் இருப்பது ஒழுங்காகவேண்டாமா? ஒன்றாவது சொடுக்கில் பாலம், இரண்டாவதில் மேற்கு, மூன்றாவதில் ரிப்பீட்டர், நான்காவதில் அவசரம், ஐந்தாவதில் முயல்தீவு. இதற்கு என்ன முறை? யாரோ எப்போதோ தோன்றியபடி போட்டது. நான் எட்டு அலைவரிசைகளையும் அகரவரிசையில் அமைத்தேன். அவசரம், உப்பளம், துறைமுகம், நகரம், பாலம், முயல்தீவு, மேற்கு, ரிப்பீட்டர். இதைவிடத் தெளிவாக ஒன்று இருக்கமுடியுமா? அவசரம் முதலில் வருகிறது, அந்த அழகைப் பாருங்கள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் கருவியைக் கொண்டுவந்தார்கள், நானே என் கையால் ஏற்றிக் கொடுத்தேன். கூடவே நான்கு பக்க அறிவிப்பு, ஓர் இணைப்பு அட்டவணை. ரிப்பீட்டர் இனி எட்டாவது என்று இரண்டாம் பக்கத்தில் மூன்றாம் பத்தியில் தெளிவாக எழுதியிருந்தேன். மச்சாது அதை மடித்துக் கழக மேசையின் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். அதன்பின் மேசை ஆடவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு செய்தி மட்டும் எனக்கு அப்போது தெரியாது. இவர்கள் எவரும் திரையைப் பார்ப்பதே இல்லையாம். மழையில், இருட்டில், மூக்குக்கண்ணாடி இல்லாமல் பழகியவர்கள். குமிழை முழுக்க இடப்பக்கம் திருகி, டக், டக், டக் என்று மூன்று எண்ணி நிறுத்திப் பேசத் தொடங்கிவிடுவார்கள். இருபது ஆண்டுகளாக அப்படித்தானாம். எழுத்து என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆவணியில் புயல் ஒத்திகை. கோடையெல்லாம் பெட்டியில் கிடக்கும் கருவிகளை அன்றுதான் வெளியே எடுப்பார்கள். பள்ளிக்கூட மாடியில் கட்டுப்பாட்டு நிலையம், பொறுப்பு என்னுடையது. மற்றவர்கள் கடற்கரை, பாலம், உப்பளம் என்று ஆளுக்கொரு இடம். வட்டாட்சியர் பதினொரு மணிக்கு வந்து பார்ப்பதாக ஏற்பாடு. பத்திலிருந்து பதினொன்று வரை கண்காணிப்பு நேரம், தகவல் இருந்தால் மட்டுமே பேசவேண்டும் என்பது விதி. விதி என்றுமே இருந்தது, ஒருவரும் மதித்ததில்லை. சென்ற ஆண்டு ஒத்திகையில் "சாப்டாச்சா", "என்ன கொழம்பு", "அங்கன மழை பெய்யுதா", "ஒத்திகைல ஏதுவே மழை" என்று ஒரு மணி நேரம் ஓயவில்லை.

இந்த ஆண்டு அமைதி. முழு அமைதி. பத்தே கால், அமைதி. பத்தரை, அமைதி. நான் குறிப்பேட்டில் எழுதினேன்: "10.35. ஒழுங்கு சிறப்பாகக் கடைப்பிடிக்கப்படுகிறது." நான்கு பக்க அறிவிப்பு வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். எழுதிய எவரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஜன்னல் வழியே பார்த்தேன். மைதானத்தின் கோடியில் மச்சாது கருவியைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு அதைத் தொடையில் தட்டினார். பிறகு தோள்துண்டை எடுத்து இரண்டு கையாலும் வீசினார். வட்டாட்சியர் முன்கூட்டியே வந்துவிட்டார், அவரும் பார்த்தார்.

"யாரு மேடம் அவரு?"

"கழகத் தலைவர். உடற்பயிற்சி செய்கிறார்."

பதினொரு மணிக்கு வருகைப் பதிவு, அகரவரிசைப்படி. ஆவுடையப்பனை அழைத்தேன். பதில் இல்லை. 'வரவில்லை' என்று எழுதினேன். அடுத்தவர், வரவில்லை. அதற்கடுத்தவர், வரவில்லை. வட்டாட்சியர் என் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தார்.

"ஒருத்தருமே வரலியா மேடம்?"

"பட்டியல் இன்னும் முடியவில்லை" என்றேன்.

ஜெபக்கனியின் பெயரை அழைத்தேன். உடனே குரல் வந்தது. தெளிவான குரல், பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல.

"நான் ஜெபக்கனி பேசுதேன். கேக்குதா டீச்சர்? ரெண்டு வருசமா பேசிக்கிட்டுத்தான் இருக்கேன், ஒருத்தருக்கும் கேக்கல. இப்பக் கேக்குதா? நீங்க எழுதுன தாள முழுசா படிச்சேன். எட்டுல வச்சிருக்கேன்."

நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா? "தகவல் இருந்தால் மட்டும் பேசவும்" என்றேன். விதி எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் குறிப்பேட்டில் 'உள்ளார்' என்று எழுதி, அடிக்கோடும் இட்டேன். பட்டியல் முடிந்தபோது இருபத்திரண்டு பேரில் உள்ளவர் ஒருவர். என் அறிவிப்பைப் படித்தவரும் அவர் ஒருவரே. அந்த இருபத்தொரு பேர் செய்த தவற்றுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

அவர்கள் எங்கே இருந்தார்கள் என்றால், மூன்றாவது சொடுக்கில் இருந்தார்கள். துறைமுகத்தில். அது கேட்பதற்கு மட்டும் அமைத்த அலைவரிசை. பொத்தானை எத்தனை அழுத்தினாலும் பேச்சு வெளியே போகாது. எனவே இருபத்தொரு பேரும் ஒரு மணி நேரம் படகுக்காரர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கைப்பேசியில் என்னை அழைத்தார்களாம். ஒத்திகையின்போது கைப்பேசியை அணைத்து வைக்கவேண்டும் என்பதும் விதி, நான் அணைத்திருந்தேன்.

அப்போது மாடிப்படியில் தடதடவென்று சத்தம். ஆவுடையப்பன். கடற்கரையிலிருந்து ஸ்கூட்டரில் பறந்து வந்திருக்கிறார். கையில் செய்திப் படிவம், முறையாக நிரப்பி, நேரம் போட்டு, கையெழுத்தும் இட்டிருந்தது. வட்டாட்சியரிடம் நீட்டினார்.

"சார், துறைமுகத்துலேருந்து அவசரச் செய்தி. மூணு தடவ சொன்னாங்க, நான் திருப்பிச் சொல்ல முடியல, ஆனா எழுதிட்டேன்."

வட்டாட்சியர் உரக்கப் படித்தார். "கணவா மீன் மூன்று பெட்டி. ஐஸ் பத்தாது. சூசையை உடனே அனுப்பவும்."

தாளைத் திருப்பி மறுபக்கத்தையும் பார்த்தார்.

"ஒத்திகைக்கு வச்ச ரகசியச் செய்தின்னு நினைச்சேன்" என்றார் ஆவுடையப்பன். என்னைப் பார்த்தார். "சூசை யாரும்மா, நம்ம மெம்பரா?"

வட்டாட்சியர் பேனாவை எடுத்து, சூசையின் முழுப்பெயரைக் கேட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

அதற்குள் மச்சாது மூச்சிரைக்க மேலே வந்துவிட்டார். "டீச்சர், ரிப்பீட்டர் எங்க போச்சு?" என்றார். எட்டாவது சொடுக்குக்குப் போயிருக்கிறது, இரண்டாம் பக்கம் மூன்றாம் பத்தி என்றேன். "எட்டா? ராத்திரி புயல்ல, படகுல நின்னுக்கிட்டு, எட்டு எண்ணணுமா? பழசையே போட்டுருங்க" என்றார்.

பழசு இல்லை. அதைத்தான் நீக்கிவிட்டேனே. அதை அப்படியே சொன்னேன், மறைக்கவில்லை. அந்த முட்டுக்கொடுத்த மேசை மறுபடி ஆடத் தொடங்கியதைக் கண்டவர் போல மச்சாது என்னைப் பார்த்தார்.

ஆவுடையப்பன் கீழே போய், வீட்டிலிருந்து தன் பழைய மடிக்கணினியை எடுத்துவந்தார். திறந்தால் உள்ளே அத்தனையும் இருக்கின்றன. 'புதுசு', 'கடைசிக்குக் கடைசி', எல்லாம். 'அழிக்காதே'யும் இருந்தது. பள்ளி வராந்தாவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மூன்று மணி நேரத்தில் இருபத்திரண்டு கருவிக்கும் பழையதையே ஏற்றிவிட்டார். எல்லோரும் அவரைச் சுற்றி நின்று முதுகில் தட்டினார்கள். யாரோ வடை வாங்கி வந்தார்கள். ஒரு மனிதர் வீட்டைக் கூட்டாமல் வைத்திருந்ததற்கு இவ்வளவு பாராட்டு.

ஜெபக்கனியும் வரிசையில் நின்றார். "எனக்கு வேண்டாம் தம்பி. எனக்கு நல்லாத்தான் பேசுது" என்றார். "இன்னைக்குத்தான் டீச்சர்கிட்ட பேசுனேன்" என்றார்.

"ஒங்க செட்டா சிஸ்டர்? பேசுச்சா?" என்று ஆவுடையப்பன் சிரித்தார். "எல்லாருக்கும் ஒண்ணு போலத்தான் போடணும். கொண்டாங்க."

எல்லோரும் துறைமுகத்தில் இருந்தார்கள் அல்லவா? ஜெபக்கனி பேசியது அவர்களில் எவருக்கும் கேட்கவில்லை. ஜெபக்கனி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலருகில்தான் நின்றேன்.

ஏன் சொல்லவில்லை என்றா கேட்கிறீர்கள்? என்னிடம் எவரும் கேட்கவில்லை. கேட்கப்படாமல் விளக்கம் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

அடுத்த வாரமே என்னிடமிருந்து பொறுப்பை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு மச்சாது கேட்டார், ஜெபக்கனியின் எண்ணைத் திருத்தியதைச் சொன்னேன். நான் ஒன்பது கோப்புகளையும் இந்தப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். கழகக் கணினியில் ஒன்று, என்னிடம் ஒன்று என்று விட்டால் இரண்டாகிவிடும் அல்லவா, எனவே அங்கிருந்ததை நீக்கினேன். கொள்கை என்றால் எல்லா நாளும் கொள்கைதான். இப்போது ஜெபக்கனியின் கருவிக்கான திருத்திய கோப்பு உலகத்தில் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள். ஆவுடையப்பனே வந்து, "யம்மா, தப்பு என் கோப்புல" என்று ஒரு வார்த்தை சொன்னால் கொடுப்பதாக இருந்தேன். அவர் வரவில்லை. உங்களை அனுப்பியிருக்கிறார்கள்.

என்ன சொல்கிறீர்கள்? சற்று உரக்கச் சொல்லுங்கள்.

தினமுமா?

ஒத்திகைக்குப் பின் தொடங்கிய மாலை ஏழு மணி வருகைப் பதிவில், தினமும் தன் பெயரை அழைக்கும்போது பொத்தானை அழுத்தி, "ஜெபக்கனி, உள்ளேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கருவியைக் கீழே வைக்கிறாரா? எவருக்கும் கேட்காது என்று தெரிந்துமா? உங்களிடம் அவரே சொன்னாரா?

அப்படியா.

எட்டாவதிலா, மூன்றாவதிலா? மூன்றாவதில். ஆம், பழையதை ஏற்றிவிட்டார்களே, மூன்றாவதுதான்.

காப்பி ஆறிவிட்டது. வேறு கொண்டுவரட்டுமா? வேண்டாமா. சரி.

அந்த நீளமான பதிவேட்டை எடுங்கள். இல்லை, பச்சை அட்டை போட்டது. இதில் உங்கள் பெயர், முகவரி, இன்றைய தேதி. பொருள் என்ற இடத்தில் "கோப்புகள், ஒன்பது" என்று எழுதுங்கள். திருப்பித் தரவேண்டிய நாள், பதினான்கு நாள் கழித்து. ஒப்படைக்கச் சொல்லி மச்சாது எழுதியிருக்கலாம், நான் இரவல்தான் தருகிறேன். நூலகர் எதையும் ஒப்படைப்பதில்லை, இரவல் தருவார். கையெழுத்து இங்கே.

முள்ளக்காட்டுக்கு நீங்களே நேரில் போய், முதலில் ஜெபக்கனியின் கருவியில் ஏற்றுங்கள். ஆவுடையப்பனிடம் பிறகு கொடுக்கலாம். ஜெபக்கனிக்கு ரிப்பீட்டர் எட்டாவதிலேயே இருக்கட்டும், அவர் குரல் முதலில் கேட்டது எட்டில்தான். மற்றவர்கள் மூன்றில் இருந்துகொள்ளட்டும். அலைவரிசை ஒன்றுதான், எப்படி எண்ணினாலும் ஒரே இடத்தில்தான் சந்திப்பார்கள். அதைக்கூட நான்தான் சொல்லவேண்டியிருக்கிறது. அவர் முதல்முறை பேசும்போது, "தகவல் இருந்தால் மட்டும்" என்று எவராவது சொன்னால், அன்றைக்கு மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம்.

இருங்கள். பென்டிரைவைப் பையில் போட்டுவிடாதீர்கள். இப்படிக் கொடுங்கள், ஒரு நிமிடம்.

நீங்கள் அந்த அலமாரிப் பக்கம் திரும்பி உட்காருங்கள். மேல் அடுக்கில் பழைய நாட்குறிப்புகள் இருக்கின்றன, பாருங்கள்.

ஒன்றும் இல்லை. கணினியைத் திறக்கிறேன். நீங்கள் பேருந்தில் போகிறீர்கள். கூட்டம் இருக்கும். பையை யாராவது இழுக்கலாம், மழை வரலாம், பதினான்கு நாள் என்பது நீண்ட காலம். இதற்கு உபரிப் பிரதி என்று பெயர் இல்லை. பெரிய நூலகங்களில் வைப்புப் பிரதி என்று ஒன்று உண்டு, அது முற்றிலும் வேறு. அதற்கென்று தனி விதிகள் இருக்கின்றன, இன்னொரு நாள் விளக்குகிறேன்.

பிரதிக்குக் கணினி பெயர் கேட்கிறது. வகுப்பெண்ணையே போட்டால் முதல் பிரதியோடு குழம்பும். தேதியைப் போட்டால் நாளை இன்னொன்று எடுக்கும்போது இடிக்கும். இல்லை, நாளை எடுக்கப்போகிறேன் என்று சொல்லவில்லை. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

முடிந்தது. இந்தாருங்கள், பத்திரம்.

நான் திரும்பி உட்காரச் சொன்னேன் அல்லவா? ஏன் திரையைப் பார்க்கிறீர்கள்?

ஆம். 'அழிக்காதே' என்றுதான் வைத்திருக்கிறேன். ஆவுடையப்பனிடம் அதைச் சொல்லவேண்டியதில்லை.